குழவியும் கன்றும்: மரபியலின் உயிர்ப் பாகுபாடு

தொல்காப்பியத்தின் பெருமை பேசப்படும் மேடைகளில் தவறாது எடுத்துக்காட்டப்பெறும் பகுதி ஒன்று உண்டு. ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுத்துக் காட்டும் மரபியற் பகுதியே அது. அதனைச் சொல்லி முடித்த பேச்சாளர் அடுத்து டார்வினின் பெயரைச் சொல்வார். மேலைநாட்டார் 1859இல் கண்டதைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டனர் என்பார். அவையில் கையொலி எழும். மாணவரும் அதனைக் குறித்துக்கொண்டு கட்டுரைப் போட்டிகளில் எழுதுவர். இக்கூற்று உண்மையா என்று எவரும் நின்று கேட்பதில்லை. தொல்காப்பியர் அப்பகுதியில் உண்மையிலேயே என்ன செய்கின்றார் என்பதும் பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகின்றது.

முதற்கண் இடம் நோக்கத்தக்கது. மரபியல் என்பது பொருளதிகாரத்தின் ஒன்பதாம் இயல். நூல் முழுமைக்கும் இருபத்தேழாவதான இறுதி இயல். எழுத்தும் சொல்லும் பொருளும் கூறி முடித்த ஆசிரியர், செய்யுள் யாப்பார்க்கும் வழக்கறிவார்க்கும் வேண்டிய சொன்மரபை ஈற்றில் வைக்கின்றார். எந்த விலங்கின் இளமைக்கு எப்பெயர், எதன் ஆணுக்கு எப்பெயர், எதன் பெண்ணுக்கு எப்பெயர் என்பதே அவ்வியலின் தொடக்கம். சொற்கள் மரபில் திரிந்தால் பொருளும் வேறுபட்டுப் போகும் என்னும் கவலையே அவ்வியலை எழுதச் செய்தது. ஆகவே உயிர்நூல் வல்லார் ஒருவர் உயிர்களின் தோற்ற வரலாறு கூறப் புகுந்த இடமாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

அறிவு வகைப்பாட்டின் அமைப்பு அனைவரும் அறிந்ததே. மெய்யால் உற்றறிவது ஒன்று. அதனோடு நா, மூக்கு, கண், செவி என ஒவ்வொன்றாகக் கூட ஐந்து. ஐந்தனோடு மனமும் கூட ஆறு. புல்லும் மரமும் ஓரறிவு, நந்து முதலிய ஓட்டுயிர்கள் ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, விலங்கும் பிறவும் ஐயறிவு, மக்கள் ஆறறிவு. இவற்றுள் எங்கேனும் ஓருயிர் மற்றோருயிராக மாறி வளர்ந்தது என்னும் கருத்து உண்டா? இல்லை. டார்வின் கூறியது உயிர்கள் பொது மூதாதையரிடமிருந்து கிளைத்து, இயற்கைத் தேர்வினால் காலந்தோறும் வேறுபட்டன என்பது. தொல்காப்பியம் கூறுவது நிலையான படிவரிசை. படிவரிசையும் பரிணாமமும் ஒன்றல்ல. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலும் உயிர்களைப் படிமுறையில் வைத்து நோக்கியவரே. அவரை எவரும் டார்வினுக்கு முற்பட்ட டார்வின் என்று கொண்டாடுவதில்லை.

உயிர்நூல் உண்மை என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பினும் இவ்வகைப்பாடு முழுதும் தேறுவதன்று. எறும்புகளுள் மிகப் பலவற்றுக்குக் கண் உண்டு. நிலத்து நத்தையின் கொம்பு நுனியில் கண் இருத்தலைப் பள்ளிச் சிறுவனும் மழைக்காலத்தில் காணலாம். கறையானைப் பொறுத்தமட்டில் தொல்காப்பியம் பெரும்பாலும் சரியே. வேலைக் கறையான்கள் பெரும்பாலன குருடு. செடியோ தொடுதலுக்கு மட்டுமன்றி ஒளிக்கும் புவியீர்ப்புக்கும் இணங்கி வளைகின்றது. இவற்றைக் காட்டித் தொல்காப்பியரைக் குறைகூற வேண்டுவதில்லை. அவர் எழுதாத நூலுக்குப் புகழ் சூட்டிவிட்டு, பின்னர் அந்நூலின் பிழைகளுக்கு அவரைப் பொறுப்பாக்கும் நிலைதான் வருந்தத்தக்கது.

அவர்தாமும் இதனைத் தம் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாடவில்லை. நுணுகி உணர்ந்தோர் முன்னரே நெறிப்படுத்தியது என்றே கூறிச் செல்கின்றார். அம்முன்னோர் யாவர்? சமண நூல்களில் இதனை ஒத்த பாகுபாடு உண்டு. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் தொடுதல், சுவைத்தல், முகர்தல், காண்டல், கேட்டல் என்னும் இதே முறையில் பொறிகள் அடுக்கப்பெறுகின்றன. பொறியின் எண்ணிக்கையால் உயிர்கள் வகுக்கப்பெற்று, மனமுடையன, மனமில்லாதன என்னும் பிரிவும் காட்டப்பெறுகின்றது. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை தொல்காப்பியரைச் சமணர் எனக் கொண்டமைக்கு இவ்வொப்புமையும் ஒரு காரணம். எனினும் வேறுபாடும் உண்டு. சமணம் மண், நீர், தீ, காற்று ஆகியவற்றின் உடம்புடைய உயிர்களையும் ஓரறிவில் அடக்கும். தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் மட்டுமே எடுத்துச் சொல்லும். சமண நூலுக்கு இப்பாகுபாடு கொல்லாமை அறத்தின் அடிப்படை. தொல்காப்பியத்துக்கு அது சொல்லின் அடிப்படை. கடன் வாங்கியதா, இருவரும் பொதுவில் எடுத்ததா என்னும் வழக்கு எளிதில் தீராது. தீராமற்போனாலும் மரபியலைப் படிப்பார்க்கு இழப்பில்லை.

இழப்பு வேறிடத்தில் இருக்கின்றது. அறிவு வகைப்பாட்டையே ஓயாது மேற்கோள் காட்டும் பழக்கத்தால், அதே இயலில் அதற்கு முன்னே நிற்கும் இளமைப் பெயர்ப் பகுதி வெறும் சொற்பட்டியலாக ஒதுக்கப்பட்டுவிட்டது. தொடக்கப் பள்ளியில் மரபுச் சொற்கள் என்று மனப்பாடம் செய்விப்பதோடு அதன் வாழ்வு முடிந்துவிடுகின்றது. ஆனால் மனிதனுக்கும் பிற உயிர்க்கும் உள்ள உறவைப் பற்றித் தொல்காப்பியம் சொல்லும் அரிய செய்தி அப்பட்டியலில்தான் உள்ளது.

குட்டி, குருளை, கன்று, குழவி, பறழ், பார்ப்பு, பிள்ளை, மகவு, மறி என இளமைப் பெயர் ஒன்பது. பள்ளி ஏடுகள் ஒரு விலங்குக்கு ஒரு பெயர் என்று கட்டம் கட்டிக் காட்டுகின்றன. சிங்கக்குருளை, புலிப்பறழ் என்பவற்றுக்கு மாறாகப் புலிக்குட்டி என்று எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் குறைகின்றது. மரபியலோ அவ்வாறு கடுமை காட்டவில்லை. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கற்கும் குருளை உரியது என்று கூறிய கையோடு, குட்டி, பறழ் என்றாலும் விலக்கில்லை என்று கூறுகின்றது. நாயை மட்டும் விடுத்து ஏனையவற்றுக்குப் பிள்ளை என்னும் பெயரும் ஆகும் என்கின்றது. ஆகவே புலிக்குட்டி என்று எழுதிய மாணவன் தொல்காப்பியத்தின்படி பிழை செய்தவன் அல்லன். பிழை திருத்தும் சிவப்பு மையே ஈண்டு மரபு தவறியது. நாய்க்கு மட்டும் பிள்ளைப் பெயர் ஏன் மறுக்கப்பட்டது என்பது சுவையான வினா. அதற்கு நூலில் விடையில்லை.

இனிக் குழவி என்னும் சொல்லைப் பின்தொடர்ந்து செல்க. முதலில் அது யானையின் இளமைக்கு வழங்கப்பெறுகின்றது. அடுத்து ஆவுக்கும் எருமைக்கும். அதன்பின் கடமை, மரை என்னும் காட்டு விலங்குகளுக்கும். அதன்பின் குரங்கு, முசு, ஊகம் என்னும் மூன்றற்கும் உரியதாகின்றது. அதற்கடுத்து மக்கள் வருகின்றனர். மக்களுக்குக் குழவியும் மகவும் என்னும் இரண்டே பெயர். வேறு இளமைப் பெயர் அவர்க்கு உரியதன்று என்று வரையறுக்கின்றார் ஆசிரியர். அதற்கும் அடுத்து ஓரறிவுயிர்க்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்களைக் கொள்ளலாம் என்கின்றார்.

இவ்வரிசையைக் கண்டு வியக்காதார் இருத்தல் அரிது. யானை, ஆ, எருமை, மான், குரங்கு, மனிதன், மரம்! அறிவு வகைப்பாட்டில் ஒன்றுக்கும் ஆறுக்கும் இடையே ஐந்து படி தொலைவில் நிற்கும் மரமும் மனிதனும், இங்கே ஒரு சொல்லின் நிழலில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றனர். மனிதனுக்கு முன் இருக்கையில் குரங்கு. மற்றொரு பெயராகிய மகவும் மனிதனுக்கே உரிய தனிச்சொத்தன்று. கிளையில் வாழும் குரங்கினத்தின் இளமைக்கும் அப்பெயர் ஆகும் என்று முன்னரே கூறப்பட்டுவிட்டது. ஆகவே மனிதக் குழந்தைக்கென்று மட்டும் ஆக்கிவைத்த இளமைப் பெயர் மரபியலில் ஒன்றுகூட இல்லை! இருக்கும் இரண்டும் பிற உயிரோடு பகிர்ந்துகொண்டவை.

சொல்லதிகாரத்தையும் உடன் வைத்துப் பார்த்தால் செய்தி மேலும் ஆழமாகின்றது. கிளவியாக்கம் திணை இரண்டு என்று தொடங்குகின்றது: மக்களாகச் சுட்டப்படுவது உயர்திணை, ஏனையது அஃறிணை. பிற்காலத்து நன்னூல் தேவரையும் நரகரையும் உயர்திணையில் வெளிப்படச் சேர்த்துக்கொண்டது. இவ்வேலி உறுதியானது போலத் தோன்றும். ஆயினும் அதே கிளவியாக்கம், பொருளால் உயர்திணையாயினும் சொல்லால் அஃறிணை முடிபு ஏற்கும் பெயர்கள் பதினெட்டைத் தொகுத்துரைக்கின்றது. குடிமை, ஆண்மை, அரசு முதலியன அவற்றுள் அடங்கும். அவற்றுள்ளே மகவும் உண்டு, குழவியும் உண்டு! மனிதக் குழந்தைக்கு மரபியல் வழங்கிய இரு பெயர்களும் ஒன்று தவறாமல் அப்பட்டியலில் நிற்கின்றன.

இன்றைய வழக்கும் இதுவே. அம்மா வந்தாள், அப்பா வந்தார் என்று சொல்லும் நாவே குழந்தை அழுகிறது என்று சொல்கின்றது. ஏன் அழுகிறான், அழுகிறாள் என்று சொல்லவில்லை என்று கேட்கும் மாணவனுக்குக் குழந்தையின் பால் தெரியாமையால் என்று சில ஆசிரியர் விடை கூறுவதுண்டு. அவ்விடை நிறைவானதன்று. பெற்ற தாய்க்குத் தன் மகவின் பால் தெரியாதா? உயர்திணை என்பது பிறக்கும்போதே கையில் கொண்டுவரும் உரிமைச்சீட்டு அன்று. மொழி ஓருயிரை நோக்கும் நோக்கில் அது அமைகின்றது என்பதே பொருத்தமான விடை. தொல்காப்பியர் மக்கள் என்று மட்டும் சொல்லாது மக்களாகச் சுட்டுதல் என்னும் பொருள்படக் கூறியதன் நுட்பமும் அதுவே. ஆறறிவுடையதன் இளமை அஃறிணை வினைகொண்டு முடிகின்றது. அச்சொல்லில் இழிவு சிறிதும் இல்லை, கொஞ்சலே உண்டு.

இந்நாட்டில் தமிழரோடு அருகில் வாழும் மலாய் மொழியிலும் இதனையொத்த நிலை காணப்படுகின்றது. மனிதரை எண்ணும்போது ஓராங் என்னும் சொல்லையும், விலங்கை எண்ணும்போது வால் என்று பொருள்படும் எக்கோர் என்னும் சொல்லையும் சேர்த்து எண்ணுவர். ஓராங் ஊத்தான் என்னும் பெயருக்குக் காட்டு மனிதர் என்பது பொருள். பெயரில் மனிதர், எண்ணும்போது எக்கோர். அவ்விலங்குக்கு வால் இல்லை என்பது வேறு செய்தி. இளமைப் பெயரில் மலாய் தமிழினும் தாராளமானது. மனிதக் குழந்தை, பூனைக்குட்டி, மரக்கன்று ஆகிய மூன்றும் அங்கே அனாக் என்னும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

அந்தக் காட்டு மனிதரின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி ஈண்டு எண்ணற்பாலது. டார்வினோடு இயற்கைத் தேர்வுக் கொள்கையைத் தனித்துக் கண்ட ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் உயிரினம் திரட்டினார். 1855இல் சரவாக்கின் சிமுஞ்சான் பகுதியில் அவர் ஒரு தாய் ஓராங் ஊத்தானைச் சுட்டு வீழ்த்தினார். அதனருகே சேற்றில் கிடந்த அதன் மகவை எடுத்து வந்தார். பால் கிடைக்காத அவ்விடத்தில் சோற்றுக் கஞ்சி நீரைப் புட்டியில் ஊட்டினார். பற்றிக்கொள்ளத் தாயின் உடல் இல்லாத அதற்கு எருமைத் தோலால் ஒரு பொய்த் தாயைச் செய்து கொடுத்தார். ஏறத்தாழ மூன்று மாதம் வளர்ந்து அது இறந்தது. 1869இல் வெளிவந்த தம் நூலில் அவர் இதனை மறையாது எழுதியுள்ளார். அதே 1869ஆம் ஆண்டில்தான், மனித மனத்தை மட்டும் இயற்கைத் தேர்வால் விளக்க இயலாது, அதற்கு மேலானதோர் ஆற்றல் வேண்டும் என்று அவர் எழுதி டார்வினை வருத்தினார். ஆறாம் அறிவை மட்டும் வேலிக்கு அப்பால் வைத்தார் எனலாம். புட்டியில் கஞ்சி ஊட்டிய கைக்கும் மனத்தைப் பிரித்து வைத்த எழுத்துக்கும் உடையவர் ஒருவரே. வகைப்பாடு ஒன்று சொல்ல, உறவு மற்றொன்று சொல்லும் இந்நிலை அறிவியலாரையும் விடவில்லை. லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட தம் பாகுபாட்டு நூலிலேயே மனிதனையும் குரங்கையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார் என்பதும், அதற்காகக் கண்டனம் பெற்றார் என்பதும் நினைவுகூரத்தக்கவை.

ஐயறிவு, ஆறறிவு என்னும் எல்லைக்கோட்டிலும் மரபியல் உரைமரபு கலங்கியே நிற்கின்றது. ஐயறிவுயிர்க்கு எடுத்துக்காட்டுக் கூறும் நூற்பாவில் பாடவேறுபாடு உண்டு. ஒரு பாடம் விலங்கோடு பறவையைச் சேர்க்கும். மற்றொரு பாடம் விலங்கோடு மாக்களைச் சேர்க்கும். மாக்கள் என்பார் மன உணர்வு இல்லாத மனிதர் என்பது விளக்கம். அதே வேளையில், விலங்கினுள் ஒருசாரனவும் ஆறறிவு உடையன என்னும் நூற்பாவும் ஒரு பாடத்தில் உண்டு. கிளியும் குரங்கும் யானையும் அதற்குச் சான்றாக உரையிற் காட்டப்பெறுகின்றன. மேலிருந்து சிலர் கீழே தள்ளப்படுகின்றனர். கீழிருந்து சில மேலே ஏற்றப்படுகின்றன.

இரண்டாவதில் பரிவு உண்டு. முதலாவதில் இடர் உண்டு. மக்களுள் சிலரை மாக்கள் என்று பிரிக்கும் சொல் கையில் கிடைத்துவிட்டால், அதனை யார்மேல் எறிவது என்பதை வலியவரே முடிவு செய்வர். மரபியலே விலங்கின் பெயர்களைப் பேசி முடித்தபின் அந்தணர், அரசர், வைசிகர், வேளாண் மாந்தர் என்று மக்களை வகுக்கப் புகுகின்றது. அந்நூற்பாக்கள் இடைச்செருகல் என்று கொள்வார் பலர். இடைச்செருகலே ஆயினும், செருகியவன் அதற்குப் பொருத்தமான இடமாக உயிர்ப் பாகுபாட்டின் அண்டையைத் தேர்ந்தது தற்செயல் என்று சொல்வதற்கில்லை. தோட்டப்புறத்துத் தமிழர்க்கு இதன் பொருள் நூல்வழி மட்டும் அறிந்ததன்று. வேலைக்கு வந்து நின்ற ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்கணக்கில் பணம் தரப்பட்ட காலம் ஒன்று மலாயாவில் இருந்தது. ஆறறிவின் பெருமை பேசும் மேடைகள் இப்பக்கத்தைத் தொடுவதே இல்லை.

தாவரப் பகுதிக்கு வருவோர்க்கு மலேசிய மண்ணே உரையாசிரியன். புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் மரபியல் பிரிக்கின்றது. தெங்கும் பனையும் கமுகும் மூங்கிலும் இதன்படி புல். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை என்பன புல்லின் உறுப்புகள். இலை, தளிர், அரும்பு என்பன மரத்தின் உறுப்புகள். இன்றைய நிலைத்திணையியலும் பனையினத்தை மாவோடும் பலாவோடும் சேர்க்காது, புல்லும் நெல்லும் அடங்கிய ஒருவித்திலைத் தாவரப் பிரிவில் வைக்கின்றது. பனைத்தண்டின் வன்மை விளிம்பிலேயே மிகுதி. அறிவு வகைப்பாட்டைக் காட்டிலும் உயிர்நூலுக்கு நெருங்கி வருவது இந்தக் காழ் வகைப்பாடுதான். வியப்பு என்னவென்றால், மேடைகளில் இது பேசப்படுவதில்லை.

செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வாணிக முறையில் பயிரிடப்பட்டது. தொல்காப்பியர் கண்டிராத அத்தாவரத்துக்கும் தோட்டத் தமிழர் இலை என்று சொல்லவில்லை; மட்டை என்றும் குலை என்றும் பாளை என்றுமே சொல்லினர். ரப்பர் மரத்துக்கோ இலை, தளிர் என்றனர். நூற்பா ஒன்றும் ஓதாத நாவில் மரபியல் கடல்கடந்து வந்து புதிய தாவரங்களையும் பழைய வரிசையில் நிறுத்தியது.

ஓரறிவுயிரை உறவாகக் கொள்ளுதல் சொல்வழக்கோடு நின்றுவிடவில்லை. நற்றிணையின் 172ஆம் பாட்டில், தலைவியும் தோழியரும் விளையாட்டில் மணலில் அழுத்தி மறந்த புன்னை வித்து முளைத்து, நெய்யும் பாலும் ஊட்டி வளர்க்கப்பெற்று மரமாகி நிற்கின்றது. அன்னை அதனை அவர்களுக்குத் தங்கை என்று சொல்லியிருக்கின்றாள். தங்கையின் முன்னே தலைவனோடு நகையாட நாணம் தடுக்கின்றது. பகற்குறி மறுத்தல் என்னும் துறைக்கு இது ஒரு சூழ்ச்சி என்று கொள்ளலாம். ஆயினும் கேட்பவன் அதனை நம்பத்தக்க காரணமாக ஏற்கும் உலகில்தான் அச்சூழ்ச்சி பலிக்கும். மரம் தங்கையாகும் அவ்வுலகமே பாட்டின் உயிர். அப்புன்னை தமிழகக் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. மலாயில் அதற்குப் பெனாகா லாவுட் என்று பெயர். பினாங்கில் ஜார்ஜ் டவுன் எழுந்த கடல்முனை முன்னாளில் அம்மரத்தாலேயே தஞ்சோங் பெனாகா எனப்பட்டது. இப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று அத்தங்கையைக் காட்டலாம்.

ஓரறிவுயிர்க்கு இளமைப் பெயர்கள் ஆகும் என்ற நூற்பாவை அடுத்து, நெல்லுக்கும் புல்லுக்கும் அவை ஆகா என்று ஒரு விலக்கும் வருகின்றது. தென்னம்பிள்ளை என்னும் வழக்கை நோக்கின், விலக்கப்பட்ட புல் புறவயிரம் உடைய தெங்கு முதலியவற்றைக் குறிக்காது, தரையிற் படரும் புல்லையே குறிக்கும் எனல் வேண்டும். ஒரே இயலில் ஒரு சொல் இருபொருளில் ஆளப்பட்டுள்ளது. நெல்லை ஏன் விலக்கினார் என்பதற்கு வழக்கிலிருந்து ஒரு காரணம் கருதலாம். தெங்கும் வாழையும் மாவும் குழியெடுத்து ஒவ்வொன்றாக நடப்பெறுபவை. நீரூற்றிய கை அதனதன் முகம் அறியும். நெல் கைந்நிறைய அள்ளி விதைக்கப்படுவது. அதன் இளமைக்கு நாற்று என்றே பெயர். தோட்டத்திலும் நாற்றுமேடையில் பைபையாக வளர்ப்பது ரப்பர்க் கன்று, செம்பனைக் கன்று. அவற்றைச் சூழ்ந்து மண்டும் லாலாங் புல்லைக் கன்று என்று இதுவரை ஒருவரும் அழைத்ததில்லை.